உமறுப் புலவர் பள்ளி மூடப்பட்டதால் சிங்கப்பூரில் தமிழ்க் கல்வி நின்றுவிட்டதா?

மதுரையில் குடும்பக் குழுக்களிலும் தெருக் குழுக்களிலும், பூட்டிய இரும்புக் கதவின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியை மூடிய சிங்கப்பூர் அரசு, அத்தோடு தமிழ்க் கல்வியையே நிறுத்திவிட்டது என்கிறது அது.

பள்ளி மூடப்பட்டது உண்மை; மற்றது தவறு. கடையநல்லூரிலிருந்து கடல் கடந்து சென்ற முஸ்லிம் மக்களின் சங்கம் 1946இல் தொடங்கிய அப்பள்ளி, பெற்றோர் ஆங்கிலவழிக் கல்வியை நாடியதால் மாணவர் சேர்க்கை தேய்ந்து மூடப்பட்டது. நம் ஊர்த் தமிழ்வழிப் பள்ளிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான் என்பதால், அரசின் சதி என்று சொல்வதற்கு முன் சற்று யோசிக்கலாம். அதே புலவரின் பெயரில் இயங்கும் தமிழ்மொழி நிலையம் இன்றும் வகுப்புகளை நடத்துகிறது. அரசுப் பள்ளிகளிலும் தமிழ் தாய்மொழிப் பாடமாக உள்ளது.

சிங்கப்பூர் அரசியலமைப்பின் 153ஏ பிரிவு, தமிழை நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அதை அந்நாட்டுச் சட்ட இணையதளத்திலும், பள்ளியின் வரலாற்றைத் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பக்கங்களிலும் சரிபார்க்கலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், அங்கிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரிடம் ஒரு நாணயம் கேளுங்கள். அதன் விளிம்பையொட்டி ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் பொறித்திருக்கும்.

இச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.