நாலு எட்டு தள்ளி நின்னு வழி சொல்லுங்க

"ஏனுங்கக்கா, காளியம்மன் கோயிலுக்கு இப்படித்தானுங்க போகணும்?"

இப்படித்தான் ஆரம்பிச்சுது. போன கார்த்திகை மாசம், மணி ஆறே முக்கால் இருக்கும். திருப்பூர்ல ஒரு நூல் கடையில கணக்கு எழுதறேன். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினா எங்க தோட்டத்துக்கு இட்டேரியில பத்து நிமிச நடை. ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, நடுவுல ஒரே ஒரு லைட்டுக் கம்பம், அதுவும் பாதி நாள் எரியாது. பைக்ல ரெண்டு பசங்க. முன்னாடி இருந்தவன் ஹெல்மெட்டைக் கழட்டலை. வண்டியையும் ஆஃப் பண்ணலை. இதெல்லாம் இப்ப சொல்றேன், அப்ப எதுவும் உறைக்கலை.

அக்கான்னு கூப்பிட்டுட்டானே! கிட்டப் போய், கையை நீட்டி, "அந்த வேப்ப மரத்துக்கிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க தம்பி"ன்னு முகத்தையும் அந்தப் பக்கமே திருப்பிக் காட்டினேன். கழுத்துல கை விழுந்தது அப்பத்தான். அஞ்சு பவுன் தாலிக்கொடி. பிடிச்சேன். அவனும் இழுத்தான். தாலியோட ரெண்டு பவுன் என் கையில நின்னுது, மீதி போயிருச்சு. நான் இட்டேரிச் சரளையில குப்புற விழுந்து முட்டி, முழங்கை எல்லாம் தேஞ்சு, கழுத்தைச் சுத்திச் செவப்பா ஒரு கோடு. ஒரு மாசம் முந்தானையைப் போர்த்திக்கிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

அன்னைக்கு இருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். எங்க ஊர்ப் பேச்சே இப்படித்தான். நாய்க்குக் கூட "போங்க"ன்னு சொல்ற ஊருன்னு வெளியூர்க்காரங்க கேலி பேசுவாங்க. வழி கேட்டவனுக்கு நின்னு பதில் சொல்லாமப் போனா "திமிரு புடிச்சவ"ன்னு பேராயிரும். இந்த மரியாதையை யாரும் விட வேண்டாம். ஆனா அதைக் கிட்டப் போய்த்தான் காட்டணும்னு ஒண்ணும் இல்லை. "ங்க" போட்டே நாலு எட்டு தள்ளி நின்னு சொல்லலாம். வாயில சொன்னாப் போதும், கை நீட்ட வேண்டியதில்லை, அவங்க மேல இருக்கற கண்ணை எடுக்கவும் வேண்டியதில்லை. நடக்கறப்பவும் எதிர்ல வண்டி வர்ற பக்கமா நடங்க. முதுகுக்குப் பின்னாடி வண்டி மெதுவாகுறது கேட்டா, திரும்பிப் பாக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சாலே பாதிப் பேரு அப்படியே போயிருவாங்க.

பறிக்கறவன் கைக்குப் போனதை விட்டுருங்க. நான் பிடிச்சது தப்பு. ஓடற வண்டியில இருக்கறவன் இழுக்கறப்ப நாமளும் இழுத்தா விழறது நாமதான். தலை கல்லுல மோதியிருந்தா இதை எழுத நான் இருக்க மாட்டேன். இது எல்லாருக்கும் தெரியும், அந்த நொடியில கை கேக்காது. அதனால முன்னாடியே மனசுக்குச் சொல்லி வெச்சுக்கணும். கவரிங் போட்டுக்கறேன்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. கவரிங்னு பறிக்கறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் இழுக்கத்தான் இழுப்பான், விழறது விழறதுதான். நான் இப்ப மஞ்சக் கயித்தோட போயிட்டு வர்றேன். ஒரு கல்யாண மண்டபத்துல என் கழுத்தைப் பாத்து ரெண்டு பேரு என்னமோ பேசிக்கிட்டாங்க. பேசட்டும்.

நான் பண்ணின ரெண்டாவது தப்பு இதைவிடப் பெருசு. எந்திரிச்ச உடனே வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன், அப்புறம் அண்ணனுக்கு, அப்புறம் பெரியப்பா பையனுக்கு. "பதறாத அம்மிணி, காலையில போய்ப் பாத்துக்கலாம்"னு ஆளாளுக்கு ஆறுதல். 100க்கு அடிக்கறப்ப இருபத்தஞ்சு நிமிசம் போயிருச்சு. அந்தப் பக்கம் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம் போனாங்க? வண்டி என்ன கலரு?" அவிநாசிப் பக்கமா, பெருமாநல்லூர்ப் பக்கமான்னு சூடா இருக்கறப்பவே சொல்லியிருந்தா வழியில எங்கயாச்சும் நிறுத்திப் பாத்திருப்பாங்க. 100, 112 எதுக்கு வேணா அடிங்க, ஆனா சொந்தக்காரங்களுக்கு முன்னாடி அடிங்க. நம்பர் பிளேட்டை மட்டும் நம்பாதீங்க, திருட்டு வண்டியாவும் இருக்கும். சட்டைக் கலரு, செருப்பு, வண்டியில ஒட்டின ஸ்டிக்கர், போன திசை இதெல்லாம் மனசுல நிக்கட்டும்.

ஸ்டேஷன்ல முதல்ல மனு ரசீது மட்டும் குடுத்து அனுப்பப் பாத்தாங்க. சொந்தத்துல ஒரு வக்கீல் தம்பி சொன்னதுனால, எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு நான் விடலை. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 304வது பிரிவுன்னே பறிப்புக்குத் தனியா இருக்கு, மூணு வருசம் வரைக்கும் தண்டனை. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமக் குடுக்கணும். "எங்க எல்லை இல்லை"ன்னு திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த ஸ்டேஷன்லயும் புகாரை வாங்கிப் பதிஞ்சு, உரிய இடத்துக்கு அவங்கதான் அனுப்பணும். நகை இன்னும் வரலைங்க. வழக்கு இருக்கு.

இதையெல்லாம் சொன்னா மாமியார் கேக்கறாங்க, "பொழுது விழுந்த பொறகு பொம்பளைக்கு ரோட்டுல என்ன வேலை?" நல்லாக் கேட்டாங்க. ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி வீட்டுக்குப் போற பொம்பளைங்க இல்லேன்னா திருப்பூர்ல ஒரு பனியன் கப்பலேறுமா? வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கறதை யோசனைன்னு என்கிட்ட யாரும் சொல்ல வராதீங்க. பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கின இடம்னாலும் அதுவே காவல் ஆயிராது. 2025 பிப்ரவரியில கோவை–திருப்பதி இன்டர்சிட்டியில மகளிர் பெட்டியில போன கர்ப்பிணிப் பொண்ணுக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். கூட இருந்த பொம்பளைங்க ஜோலார்பேட்டையில இறங்கின பொறகு ஏறினவன், காட்பாடிக்கிட்ட வெளிய தள்ளி விட்டான். வயித்துப் புள்ளை போயிருச்சு. பெட்டி காலியானா, குடும்பமா உக்காந்திருக்கற அடுத்த பெட்டிக்கு மாறிருங்க, ரயில்ல உதவிக்கு 139.

என் பொண்ணு கோயமுத்தூர்ல படிக்கிறா. பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக் குடுத்தேன். ஒரு நாள் பையைத் துழாவிப் பாத்தா, டிபன் பாக்ஸுக்கு அடியில, ரெக்கார்டு நோட்டுக்குக் கீழ கிடக்குது. அங்க இருந்து எடுக்கறதுக்குள்ள வந்தவன் காந்திபுரமே போயிருவான். இப்ப ராத்திரி பஸ் ஏறினா வாட்ஸப்ல லைவ் லொக்கேஷன் ஒரு மணி நேரத்துக்குப் போட்டு விடுறா. நானும் போடறேன், அவ பாக்கறாளான்னுதான் தெரியலை.

போன வாரம் அதே இட்டேரி, அதே லைட்டுக் கம்பம். பைக்ல ஒரு பையன், "ஏனுங்கக்கா"ன்னான். நான் வேலியோரமா ஒதுங்கி, நாலு எட்டு தள்ளி நின்னு, "என்ன வேணுங்க?"ன்னேன். ஒரு தோட்டத்துப் பேரைச் சொன்னான். எங்க தோட்டம்தான்! அங்க இருந்தே வழி சொல்லி, அவன் போற வரைக்கும் நின்னுட்டு, பின்னாடியே நடந்து போனேன். வாசல்ல எங்க வீட்டுக்காரரோட ஒண்ணு விட்ட தங்கச்சி பையன் கல்யாணப் பத்திரிக்கையோட உக்காந்திருக்கான். "இந்த அக்காதான் வழி சொன்னாங்க, ஆனா கிட்டவே வரலைங்க"ன்னு மாமியார்கிட்டச் சொல்லிக்கிட்டிருக்கான். நான் அவனுக்கு அத்தை முறைங்கறது அப்பறம்தான் தெரிஞ்சுது. மாமியார் என்னை ஒரு பார்வை பாத்தாங்க. காப்பி வெக்க உள்ள போயிட்டேன்.