அடிக்கல்லுக்கும் ஐந்து மணி வேனுக்கும் நடுவே

ஊர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று இரவு முழுக்கச் சண்டை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டிய பழைய படத்தை யாரோ எடுத்துப் போட்டார். "அவர்களுக்கு வருகிறது, நமக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று ஆரம்பித்தது. எம்.எல்.ஏ., எம்.பி., கலெக்டர் என்று ஒருவர் விடாமல் வறுத்தெடுத்து, வழக்கம்போல் சாதியில் போய் முடிந்தது. அங்கே சொன்னால் யார் காதிலும் ஏறாது என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரம்பலூர் மாவட்டத்துக்காரன், வேப்பந்தட்டை வட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே ஆட்கள் குறைந்த மாவட்டம் எங்களுடையதுதான். ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று வானம் பார்த்த பிழைப்பு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை எங்களைக் கடந்து போகிறது. ஆனால் பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. என்னோடு பத்தாவது படித்த பையன்களில் ஊரில் இருப்பவர்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். மற்றவர்கள் சிங்கப்பூர், துபாய், திருப்பூர், சென்னை. நானும் 17 வருடம் சென்னையில் கணக்கு எழுதிவிட்டு, அப்பா படுக்கையில் விழுந்த பிறகு திரும்பி வந்தவன்தான். ஆகவே, தொழிற்சாலை எதற்கு, பசுமை போதாதா என்று நகரத்திலிருந்து அறிவுரை சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

முதலில் ஒன்று. நமக்கு வரவில்லை என்பது பொய். நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. எறையூரில் சர்க்கரை ஆலை எழுபதுகளிலிருந்து இருக்கிறது. அதே எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) காலணிப் பூங்காவுக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே அங்கே முதல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. நம் ஊர் நிலவரத்துக்கு இது அதிசயமான வேகம். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

வந்துவிட்டதே, அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

என் அக்கா மகள் இந்த வட்டாரத்து ஆலை ஒன்றில் தையல் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் அவளை வேன் ஏற்றிவிட நான் போக வேண்டியிருந்தது. காலை நாலே முக்கால். பால் சொசைட்டி வாசலில் ஒரே ஒரு ட்யூப் லைட். அதன் கீழே ஆறு பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. ஒருத்தி நின்றபடியே இன்னொருத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள், வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு. யாரும் அதிகம் பேசவில்லை. தூக்கம் தெளியவில்லை. ஐந்து மணிக்கு வேன் வந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தவள் ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். பிடித்தம் போகக் கையில் பதினோராயிரம் சொச்சம் வருகிறது என்று அக்கா மகள் சொன்னாள். அந்தப் பணம் வீட்டில் என்ன செய்திருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். அடகுக் கடையில் இருந்த இரண்டு வளையல் திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளை இப்போதெல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சீட்டுக் கட்டுகிறார். இதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

ஆனால் அந்த ட்யூப் லைட்டின் கீழே முதலில் நின்றவர்கள் ஆறு பேர் அல்லர். எங்கள் ஊரிலிருந்து முதல் அணியில் சேர்ந்தவர்கள் 14 பேர். மற்ற எட்டுப் பேர் எங்கே என்று அக்கா மகளிடம் கேட்டேன். அவர்கள் "நின்றுவிட்டார்கள்" என்றாள். தமிழில் இது ஒரு வேடிக்கையான சொல். வேலையில் நிலைத்து நிற்கிறவர்களுக்கும் வேலையை விட்டுவிட்டவர்களுக்கும் ஒரே வினைதான்.

கணக்குப் பிள்ளையின் புத்தி என்னை விடவில்லை. எட்டுப் பேரையும் அந்த வாரமே பார்த்து விசாரித்தேன். மூன்று பேர் கைக்குழந்தையால் நின்றவர்கள். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகி, போன ஊரில் வேன் இல்லை. ஒருத்திக்கு முதுகுவலி. ஒருத்தியை இரவு ஷிப்டுக்கு அனுப்ப வீட்டில் ஒப்பவில்லை. இன்னொருத்தி வீடு காட்டுக் கொட்டாய். அங்கிருந்து வேன் நிற்கும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். ஒருமுறை நாய் துரத்தி விழுந்ததோடு சரி. முதுகுவலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஆலைக்குள் நடந்த எதனாலும் யாரும் நிற்கவில்லை. ஆலை வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருப்பதுதான் அவர்களை நிறுத்தியிருக்கிறது. அந்த நடுப்பகுதிக்குப் பொறுப்பு நிறுவனம் கிடையாது. அது நாம். மாவட்ட நிர்வாகம், ஊராட்சி, போக்குவரத்து, நம் வீடுகள்.

குழந்தைக் காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையைக் காலை நாலரைக்கு எழுப்பி, வேனில் ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போய், ஆலைக் காப்பகத்தில் விடுவாளா ஒரு தாய்? காப்பகம் இருக்க வேண்டியது ஊரில். ஊரில் இருப்பது அங்கன்வாடி. அது முதல் ஷிப்ட் தொடங்கி வெகு நேரம் கழித்துத்தான் திறக்கும். அதுவரை குழந்தையை யார் பார்ப்பது? மாமியார். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனால்? அக்கா மகள் விஷயத்தில் அதுதான் நடந்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், எட்டு நாள் போகவில்லை. ஒன்பதாம் நாள் போனால் பெயரை நீக்கியாகிவிட்டது. மறுபடி புது ஆளாகச் சேர்ந்து, பயிற்சிக் காலச் சம்பளத்திலிருந்து ஆரம்பித்தாள்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம். பெருமைதான். அவர்களில் எத்தனை வீட்டில் மாமியாரின் முழங்காலையும் கண்ணையும் நம்பி அந்தப் பெருமை நடந்துகொண்டிருக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால் தேவலை.

பஸ்ஸும் அப்படித்தான். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. என் அம்மா பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வர ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். ஆனால் எங்கள் ஊருக்கு முதல் பஸ் ஆறு மணிக்கு மேல். ஷிப்ட் ஆறு மணிக்கு. ஒன்று பஸ் முன்னால் வர வேண்டும், அல்லது நாலு ஆலைகள் சேர்ந்து பஸ் நேரத்துக்கு ஷிப்டை வைக்க வேண்டும். இதற்கு ஒரு ஏக்கர் நிலம் வேண்டாம், ஒரு ரூபாய் முதலீட்டு மானியம் வேண்டாம். ஒரு மேசை, நாலு நாற்காலி, அரை நாள் பேச்சு போதும். அடிக்கல் விழாவுக்குப் போட்ட பந்தல் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது.

செய்தித் தலைப்பில் வரும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உளுந்தூர்ப்பேட்டைக் காலணி ஆலைக்கு 2,302 கோடி முதலீடு, 20,000 வேலை என்று 2023-இல் செய்தி வந்தது. ஜெயங்கொண்டத்தில் இன்னொரு காலணி ஆலைக்கு அடுத்த ஆண்டு ஆயிரம் கோடி, 15,000 வேலை. குழுவில் சண்டை போடுகிறவர்கள் இந்த எண்களைத்தான் அள்ளி வீசுகிறார்கள். உளுந்தூர்ப்பேட்டைக் கணக்கு 12 ஆண்டுகளுக்கானது. செய்தியை முழுதாகப் படித்தால் உள்ளே இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சேருகிற கணக்கு மட்டும்தான் அதில் உண்டு. மூன்றாம் வருடம் எத்தனை பேர் அதே ஆலையில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நம் வட்டத்துக்காரர்கள், எத்தனை பேர் சூப்பர்வைசராகி இருக்கிறார்கள் என்ற மூன்று எண்களையும் சிப்காட் வாசலில் பலகையில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் கணக்கு முக்கியம். அக்கா மகளின் லைனில் இயந்திரம் நின்றால் பழுது பார்க்க வருகிறவர் வெளி மாவட்டத்துக்காரர். நம் பையன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டுத் திருப்பூரில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவே ஆறு மாதப் பயிற்சி ஒன்றுதான் குறைகிறது.

உள்ளூர் ஆட்களுக்கு 75 விழுக்காடு என்று சட்டம் போடு என்கிறார்கள் சிலர். ஹரியானாவில் போட்டார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. சட்டத்தால் வாசலுக்குள் தள்ளிவிடலாம், லைனில் நிறுத்திவைக்க முடியாது.

நிலத்தைப் பற்றிப் பேசினால் எனக்குக் குரல் உயரும். 2007 வாக்கில் திருமாந்துறை, பெண்ணக்கோணம், எறையூர்ப் பக்கத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஒரு தனியார் நிறுவனத்துக்காகச் சுமார் 3,000 ஏக்கர் வாங்கினார்கள். என் பெரியப்பாவும் கொடுத்தார். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். பெரியப்பாவுக்கு வந்த பணம் ஒரு மகள் கல்யாணத்தோடு தீர்ந்தது. பத்து வருடத்துக்கு மேல் அந்த நிலத்தில் சீமைக் கருவேலம்தான் உற்பத்தி. தான் விற்ற நிலத்திலேயே பெரியப்பா ஆடு ஓட்டிக்கொண்டு போவார், "கம்பெனிக்குப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு. அவர் விளையாட்டாகத்தான் சொல்வார், எங்களுக்குச் சிரிக்க வராது. 2023-இல் செய்யாறு மேல்மாவில் விவசாயிகள் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்து உட்கார்ந்தபோது, அவர்களில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் போட்டார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு ஆறு பேர் மேல் அதைத் திரும்பப் பெற்றார்கள். வளர்ச்சிக்கு எதிரிகள் என்று அவர்களைத் திட்டியவர்களுக்கு என் பெரியப்பாவைத் தெரியாது.

இன்னொரு பயமும் உண்டு. திருப்பெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா கைபேசி ஆலை 2014-இல் மூடிக்கொண்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பெரும்பாலும் கிராமத்திலிருந்து போனவர்கள், முப்பது வயது ஆவதற்குள் மறுபடி வேலை தேடினார்கள். வரித் தகராறு, மைக்ரோசாப்டுக்குக் கைமாறிய வியாபாரம் என்று காரணங்கள் அந்தப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. காலணியும் அதே கதையாகலாம். சீனாவிலும் வியட்நாமிலும் செலவு கூடியதால்தான் நம்மைத் தேடி வருகிறார்கள். நாளை இன்னோர் ஊர் மலிவாகக் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள் மேல் 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூர் பதறியதைப் பார்த்தோம்.

அதனால் ஒரே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், கையில் இருப்பதையும் பார்க்க வேண்டும் என்கிறேன். எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்தை இன்னமும் பட்டறை போட்டுத்தான் வைக்கிறோம். காற்றோட்டமாக, கீழே கல் வைத்து, மேலே கூரை வேய்ந்து. விலை ஏறும் என்று மூன்று மாதம் காத்திருந்து, நாலாவது மாதம் பாதியை அழுகலாக அள்ளிக் கொட்டுவதும் உண்டு. உரித்து, காயவைத்து, பொடித்து அனுப்பினால் என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு பெரிய கம்பெனியை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. நாமக்கல்லுக்கு முட்டைத் தொழிலையும் லாரிக்குக் கூடு கட்டும் தொழிலையும் யார் கொண்டுவந்து இறக்கினார்கள்? தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-இல் சிறிதாகத்தான் ஆரம்பித்தது. நம் மாவட்டத்துக்காரர்களும் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ செய்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை கேட்கிற வாய், இங்கே பத்துப் பேருக்கு வேலை கொடு என்று கேட்பதில்லை.

கடைசியாகச் சித்தப்பா. இதைப் படித்துவிட்டு நிச்சயம் கூப்பிடுவார். "எல்லாரையும் வேனில் ஏற்றிவிட்டால் களை எடுக்க யார் வருவார்கள்?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. நியாயமான கேள்விதான், பதில்தான் அவருக்குப் பிடிக்காது. மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் பார்த்துவிட்ட பெண்ணை, நாள் கூலிக்கு வெயிலில் குனியக் கூப்பிட்டால் கூலியை ஏற்றித்தான் ஆக வேண்டும், சித்தப்பா. கூலி கொடுக்கும் அளவுக்கு வெங்காயம் விலை போக வேண்டும். அதற்கும் வழி, முன்பு சொன்னபடி உரித்து, காயவைத்து, பொடித்து அனுப்புவதுதான்.

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றே விஷயம். காலை ஐந்து மணிக்கு ஒரு பஸ். ஐந்து மணிக்கே திறக்கும் ஒரு குழந்தைக் காப்பகம், இப்போதைக்குப் பழைய நூலகக் கட்டடத்தில். காட்டுக் கொட்டாய்ப் பாதையில் ஆறு விளக்கு. அதையே திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடமும் கொடுக்கப் போகிறேன். வேலையை விட்ட எட்டுப் பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் யாருக்காவது இதே தேவை இருந்தால், உங்கள் ஊரிலிருந்து வேன் கிளம்பும் நேரத்தையும் சேர்ந்தவர், நின்றவர் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். நின்றவர் கணக்கை அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டு எழுதுங்கள், தயவுசெய்து குத்துமதிப்பாக வேண்டாம்.