பூ, பறவை, காற்று, நிலா: அவ்வளவுதான்
'கச்சோ ஃபூகெட்சு' என்ற ஜப்பானியத் தொடருக்கு 'இயற்கையின் அழகை அனுபவி, அதன் வழியே உன்னை அறி' என்று கட்டுரையில் பொருள் கொடுத்திருக்கிறீர்கள். இணையம் முழுக்க இப்படித்தான் சுற்றுகிறது, ஆனால் அதை எழுதும் நான்கு சீன வழி எழுத்துகளில் 'உன்னை அறி' எங்குமே இல்லை. பூ, பறவை, காற்று, நிலா, அவ்வளவுதான். தனியாகச் சொன்னால் ஹனா, தோரி, கஸே, ட்சுகி. சேர்த்துச் சொல்லும்போது சீன வழி உச்சரிப்பில் க, சோ, ஃபூ, கெட்சு. இயற்கையின் அழகையும் குறிக்கும், அதை ரசித்துக் கவிதை எழுதுவது, ஓவியம் வரைவது போன்ற ஈடுபாட்டையும் குறிக்கும். கட்டளை எதுவும் இல்லை, நான்கு பொருள்களை வரிசையாக வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஹனாஃபுதா என்ற ஜப்பானியச் சீட்டுக்கட்டைப் பாருங்கள். மொத்தம் 48 சீட்டுகள், 12 மாதங்கள், மாதத்துக்கு ஒரு செடியோ மரமோ. பிப்ரவரிச் சீட்டு ஒன்றில் ப்ளம் பூக்கிளையில் உகுயிசு பறவை உட்கார்ந்திருக்கும். ஆகஸ்ட் சீட்டு ஒன்றில் சிவந்த வானம், கருப்பாக ஒரு குன்று, அதன் மேல் பெரிய வெள்ளை நிலா, வேறு ஒன்றுமே கிடையாது! அந்தக் குன்று முழுக்க சுசுகி புல்தான். இலையுதிர்கால நிலாப் பார்க்கும் நாளில் அதே சுசுகியைத்தான் அரிசிமாவு உருண்டைகளோடு வைப்பார்கள்.

அப்புறம், 'பனி, நிலா, பூ' என்று 'செட்சுகெட்சுக' என்ற தொடரும் உண்டு. அது சீனக் கவிஞர் பாய் ஜுயீயின் வரியிலிருந்து வந்தது. அதைப் பற்றியும் எழுதுங்கள்.