ஸ்பீக்கர் கணக்குல யங்குக்கு என்ன வேலை?

ரெண்டு ஸ்பீக்கர்னு இயற்பியல் கேள்வியில பார்த்த உடனே மாணவர்கள் கை தானா, யங்கோட இரட்டைப் பிளவு ஒளிச் சோதனையில பாதை வேறுபாட்டுக்குப் போடுற "டி சைன் தீட்டா" எழுதுது பாருங்க, அங்கதான் பத்திக்கிட்டு வருது. படம் கூடப் போடுறதில்ல. கோச்சிங் நோட்ஸ்லயும் இதே கூத்துதான்.

சாதாரணக் கணக்குதான். ரெண்டு ஸ்பீக்கருக்கும் இடையில 2 மீட்டர், ரெண்டும் ஒரே ஆசிலேட்டர்ல (சிக்னல் தர்ற கருவி), ஒரே கட்டத்துல (ரெண்டு அலையும் ஒண்ணா ஏறி இறங்குற மாதிரி) ஓடுது. ஒரு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே 4 மீட்டர்ல ஒருத்தர் நிக்கிறார். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அவருக்குச் சத்தம் அடங்குற மிகக் குறைந்த அதிர்வெண் எது?

செங்கோண முக்கோணம் போட்டா முடிஞ்சுது. தூரத்து ஸ்பீக்கர் 20-இன் வர்க்கமூலம், அதாவது 4.472 மீட்டர். பாதை வேறுபாடு 0.472. அது அரை அலைநீளமா இருந்தா ஒண்ணோட மேடு இன்னொண்ணோட பள்ளத்துல விழுந்து சத்தம் அடங்கும்; அப்போ அலைநீளம் 0.944 மீட்டர், அதிர்வெண் 363 ஹெர்ட்ஸ். பித்தாகரஸைத் தாண்டி இதுல ஒண்ணுமே இல்ல!

ஆனா யங் சூத்திரத்தைப் போடுறவங்க நடுப்புள்ளியிலிருந்து 1 மீட்டர் விலகல், திரை 4 மீட்டர்னு வச்சு, 2 பெருக்கல் 1 வகுத்தல் 4, பாதை வேறுபாடு 0.5-ன்னு முடிக்கிறாங்க. விடை 343 ஹெர்ட்ஸ். முழுசா, அழகா வந்துட்டதால சந்தேகமே வர்றதில்ல. யங் சோதனையில பிளவுகளுக்கு இடையில ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, திரை ஒரு மீட்டர் தள்ளி இருக்கும். அதனாலதான் ரெண்டு கதிரும் இணைன்னு எடுத்துக்கிட்டோம். இங்க 2-க்கு 4. எந்த ஊர்ல இது இணை?

சரியா முக்கோணம் போட்டவங்களும் அடுத்த வரியில கவுந்துடுறாங்க. அழிவுக் குறுக்கீட்டுக்கு, அதாவது அலைகள் ஒண்ணையொண்ணு அடக்குறதுக்கு, பாதை வேறுபாடு அரை அலைநீளத்தோட (2n+1) மடங்குன்னு போட்டு n = 1-னு ஆரம்பிச்சா ஒன்றரை அலைநீளம், விடை 1090 ஹெர்ட்ஸ். கேட்டது மிகக் குறைந்தது ஐயா! (2n+1)-னா n பூச்சியத்துல ஆரம்பிக்கணும், (2n-1)-னா ஒண்ணுல. ரெண்டையும் கலந்து மனப்பாடம் பண்ணினா இதுதான் கதி.

ஸ்பீக்கர்களை இணைக்கிற கோட்டுல நடக்கச் சொன்னா இன்னும் மோசம். இடைவெளி அதே 2 மீட்டர், 340 ஹெர்ட்ஸ், வேகம் 340, அலைநீளம் 1 மீட்டர்னு வைங்க. நடுவிலிருந்து ஒரு பக்கம் 25 செ.மீ. நகர்ந்தா ஒரு தூரம் 25 கூடும், மற்றது 25 குறையும், வேறுபாடு 50. அதனால அமைதிப் புள்ளிகள் அரை மீட்டருக்கு ஒண்ணு: நடுவிலிருந்து 25, 75 செ.மீ., ரெண்டு பக்கமும் சேர்த்து நாலு. ஒரு மீட்டருக்கு ஒண்ணுன்னு எண்ணி ரெண்டுன்னு எழுதுறவங்கதான் அதிகம்.

கேள்வி எழுதுறவங்க மட்டும் யோக்கியமா? ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே கட்டத்துல இருக்கான்னு பாதிப் பேர் சொல்றதே இல்ல. ஒண்ணோட பிளஸ் மைனஸை மாத்திக் கொடுத்தா 363-ல சத்தம் கூடும், 726-ல அடங்கும். விடையே தலைகீழ்.

இதுல விடைக்குறிப்புல "சத்தம் பூச்சியம்"னு வேற எழுதுவாங்க. வீச்சு (அலையோட உயரம்) தூரத்துக்கு எதிர்விகிதம். 4.47 மீட்டர்லேருந்து வர்றது, 4 மீட்டர்லேருந்து வர்றதுல 89 சதவீதம்தான். கழிச்சா 11 சதவீதம் மிச்சம். பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் ஓடுறதைவிட சுமார் 19.5 டெசிபல் குறைவு, அவ்வளவுதான். அதுவும் சுவர் எதிரொலிக்காத திறந்தவெளியில. "சிறுமம்"னு எழுத என்ன கேடு?