பணம் தருகிறோம், எதற்கென்று சொல்லுங்கள்

எங்கள் நீலகிரி மலையூரில் நகராட்சி ஒட்டிய அந்த மஞ்சள் நோட்டீஸை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குப்பைக் கட்டணம் 24 மாத நிலுவை, மாதம் 50 ரூபாய் வீதம் 1,200 ரூபாய், ஏழு நாட்களுக்குள் கட்டாவிட்டால் நடவடிக்கை. எங்கள் படிக்கட்டு வரிசையில் ஒரு வீடு விடாமல் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு 78 வயது. ஒரு மளிகைக் கடையில்கூடக் கடன் சொல்லாதவர். அவர் பெயருக்கு மேலே ‘நிலுவைதாரர்’ என்று அச்சடித்திருக்கிறது.

கட்டணம் தர மாட்டோம் என்று நான் சொல்லவில்லை. எதற்குத் தருகிறோம் என்று சொல்லுங்கள் என்கிறேன்.

சொத்து வரி ரசீதில் திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அரையாண்டு தவறாமல் கட்டுகிறோம். அது போக, மாதம் பிறந்தால் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் வந்து 30 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். ரசீது கேட்டால் அடுத்த மாதம் சேர்த்துத் தருவதாகச் சொல்வார். இப்போது மூன்றாவதாக இந்த நோட்டீஸ். மூன்றும் ஒன்றா, வேறு வேறா? திங்கள்கிழமை நகராட்சி அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். வருவாய்ப் பிரிவில், குப்பை என்றால் சுகாதாரப் பிரிவு என்றார்கள். சுகாதாரப் பிரிவில், பணம் என்றால் வருவாய்ப் பிரிவு என்றார்கள். மறுபடியும் வருவாய்ப் பிரிவுக்கு வந்தபோது, “உங்கள் ஒருவருக்குத்தான் இவ்வளவு சந்தேகம் வருகிறது” என்றார் ஒருவர். என் பின்னால் நான்கு பேர் அதே மஞ்சள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

50 ரூபாய்க்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், நாலு டீ விலைதானே என்று கேட்பவர்கள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கீழ் ரோட்டிலிருந்து 63 படிகள். குப்பை வண்டி அந்த ரோட்டோடு நின்றுவிடும். ஜூலை மாதத்து மூடுபனியில் வண்டியின் பாட்டு மட்டும் கேட்கும். வருகிறதா, போய்விட்டதா என்று தெரியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் பாதிப் படியில் காட்டெருமை நிற்கும். அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான். அதற்குள் வண்டி போய்விடும். வாளியை வெளியே வைக்க முடியாது; மூடி மேல் கல்லை வைத்தாலும் குரங்கு தள்ளிவிடும், இரவானால் கரடி வரும். மீன் கழுவிய கழிவைக்கூட அடுப்பங்கரை மூலையில் மூன்று நாள் வைத்திருக்கிறோம். 2026 வரை நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீடு வீடாக வந்து குப்பை எடுப்பதை உள்ளாட்சியின் கடமை என்றன. கட்டணம் வாங்க அனுமதி தந்ததும் அதே விதிகள்தான். ஒரு பாதியை மட்டும் படித்துவிட்டு நோட்டீஸ் ஒட்டினால் எப்படி?

நீங்கள் முதலில் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் வரிசையிலேயே பிரிக்காதவர்கள் இருக்கிறார்கள், ஓடையில் வீசுபவர்களும் இருக்கிறார்கள். அது தவறுதான். ஆனால் எந்தக் கிழமை எதை எடுப்பார்கள் என்பது எங்கே எழுதியிருக்கிறது? மக்காத குப்பை புதன்கிழமை என்றார்கள், பிறகு சனிக்கிழமை என்றார்கள். சொன்னது யார் என்று பார்த்தால், வண்டியில் வரும் அக்காதான். அவருக்கே முந்தின நாள்தான் சொல்கிறார்களாம். கிழிந்த மழைக்கோட்டோடு, கையுறை இல்லாமல் எங்கள் அழுக்கை அள்ளுகிறவர் அவர். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் கட்டும் பணத்தில் அவருக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித் தந்தார்களா? அதையாவது சொல்லட்டும்.

அப்பா படுக்கையில் கிடந்த கடைசி ஏழு மாதங்களை நான் இங்கே எழுதியதில்லை. ஒரு நாளைக்கு நாலு டயப்பர். உறையில் நன்றாகச் சுற்றி, மக்காத குப்பையோடு கொடுக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய விதி. எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய மேற்பார்வையாளர் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எரிக்க மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தேன். ஒரு இரவு காட்டுப்பன்றி தோண்டிவிட்டது. விடிந்து பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைச் செடிகள் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. கொழுந்து பறிக்க ஆள் வருவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினேன். முப்பது வருடம் பழகிய அந்த வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்த ஏழு மாதங்களும் இந்த 24 மாதக் கணக்கில் இருக்கின்றன.

நகராட்சியிடம் நிதி இல்லை, ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படியென்றால் அதே 2016 விதிகளில் மலைப் பகுதிகளுக்கென்றே தனியாக 20-ஆவது விதி இருந்ததே. மலை மேல் குப்பைக் கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும், சுற்றுலா வருபவர்களிடம் நுழைவிடத்திலேயே குப்பைக் கட்டணம் வாங்கலாம் என்றது. மலை ஏறும் வழியில் உள்ள பர்லியாறு, குஞ்சப்பணை சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக்குக்காக வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள், நல்லது. ஆனாலும் மே மாத மலர்க் கண்காட்சி முடிந்த வாரம் ரோட்டோரம் கிடப்பதெல்லாம் யார் குப்பை? அதை அள்ள எல்லா ஆட்களையும் அங்கே அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் ஒன்பது நாள் வண்டியே வரவில்லை. அந்த ஒன்பது நாளுக்கும் சேர்த்துத்தான் 1,200 ரூபாய். விருந்தாளி வரும் வழி சுத்தமாக இருக்க வேண்டும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாளியோடு பனியில் நிற்க வேண்டும் என்றால் மனம் கொதிக்காதா?

நேற்று இரவு அம்மா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் 1,200 ரூபாயை எண்ணி வைத்து, “கட்டிவிட்டு வந்துவிடு, எதற்கு வம்பு” என்று நீட்டினார். அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து எடுத்த பணம். கவர் என் பையில் இருக்கிறது. நாளைக் காலை போகிறேன். இந்தப் பணம் எதற்கு, சொத்து வரியில் வாங்குவது எதற்கு, நோட்டுப் புத்தகத்தில் வாங்கியது எங்கே? மூன்றையும் மனுவாக எழுதியிருக்கிறேன். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தந்த பிறகுதான் கவரைத் திறப்பேன். நோட்டீஸ் வந்த வீட்டுக்காரர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால், பத்து மணிக்குக் கீழ் ரோட்டில், வண்டி நிற்கும் இடத்தில் காத்திருப்பேன்.