அத்தையின் குரல் கணக்கு

என் அத்தை தாராவியில், 90 அடிச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் வீட்டில், முப்பது ஆண்டுகளாக முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறார். பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எழுத்துக்கூட்டிப் படிப்பார், எழுத வராது. ஆனால் கணக்கில் ஒரு ரூபாய் பிசகி நான் பார்த்ததில்லை. கடந்த ஏழெட்டு ஆண்டுகளாக அவருடைய கணக்குப் புத்தகம் கைபேசிக்கு வரும் குரல் பதிவுகள்தான். முலுண்டில் ஒரு வீட்டுக்குச் சீடையில் உப்பு குறைய வேண்டும், செம்பூரில் ஒருவருக்குக் கைமுறுக்கு ஏழு சுற்றுக்குக் குறையக் கூடாது, வாஷியில் ஒரு குடும்பம் ஐப்பசியில் வாங்கியதற்குத் தை பிறந்துதான் பணம் தரும் என்பதெல்லாம் அந்தக் குரல்களில் இருந்தது. யார் என்ன கேட்டார்கள் என்று ஐயம் வந்தால் பழைய பதிவைத் தேடிப் பிடித்து, காதில் வைத்துக் கேட்டுவிடுவார்.

சென்ற தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் அவருக்கு விலையுயர்ந்த புதுக் கைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தான். பழையது கூகுளின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் ஓடுவது, புதியது ஆப்பிளின் ஐபோன். கடைக்காரர் அரை மணி நேரத்தில் தொடர்பு எண்களையும் படங்களையும் மாற்றி, செய்திச் செயலியையும் அதே எண்ணில் திறந்து கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் அத்தை என்னை அழைத்தார்: "எய்யா, படம்லாம் வந்துட்டு. ஆளுக பேசுனதெல்லாம் எங்கய்யா போச்சு?"

பழைய கைபேசி தன் உரையாடல்களைச் சேமித்து வைக்கும் இணையக் கிடங்கைப் புதிய கைபேசியால் திறக்க முடியாது. ஒரு தளத்திலிருந்து மற்றதற்கு நேரடியாக மாற்ற வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புதிய கைபேசியை முதன்முதலாக இயக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும், தவறவிட்டால் புதியதை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. நான் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நான்கு நாள் ஓடி, புதிய கைபேசியில் தீபாவளி ஆர்டர்கள் நாற்பது வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை அழிக்க யாருக்கு மனம் வரும்?

ஒரே நிறுவனம் தன் கைக்குள் வைத்திருக்கும் மூடிய தொழில்நுட்பம் கெட்டது, யாரும் எடுத்து மாற்றக்கூடிய திறந்தது நல்லது என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் புதிய கைபேசியை அத்தை இரண்டே நாளில் பழகிக்கொண்டார். எழுத்து பெரிதாகத் தெரிகிறது, பொத்தான்கள் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கின்றன, கேட்காமல் எதுவும் திரையில் வந்து நிற்பதில்லை. பழையதிலோ பூட்டிய திரையிலேயே விளம்பரம் வரும்; நீக்க முடியாத செயலிகள் ஏழெட்டு வாங்கும்போதே உள்ளே இருந்தன; மாவுக் கையோடு எதையாவது தொட்டுவிட்டு, வாரம் ஒரு முறையாவது பயந்துபோய் என்னை அழைப்பார். 2013இல் வெளிவந்த ஐபோன் 5எஸ் கைபேசிக்கு 2023 ஜனவரியில்கூடப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது. வன்பொருளும் மென்பொருளும் ஒரே கையில் இருந்தால் இத்தகைய கவனம் எளிதாகிறது என்பதை, திறந்த மென்பொருளின்மேல் பற்றுள்ள நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆண்ட்ராய்டின் மூலநிரல், அதாவது அதை உருவாக்க எழுதிய நிரல் வரிகள், திறந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அதை எடுத்து விருப்பம்போல் மாற்றும் சுதந்திரம் உண்மையில் கைபேசி தயாரிப்பவருக்குத்தான் கிடைத்தது. அந்தச் சுதந்திரத்தைக் கொண்டுதான் பூட்டிய திரையில் விளம்பரத்தை வைத்தார்கள். அத்தைக்கு அதை எடுக்கும் உரிமை வரவில்லை. அந்தத் தயாரிப்பாளருக்கும் முழுச் சுதந்திரம் இல்லை என்பது வேறு கதை. கூகுளின் செயலிக் கடை வேண்டுமானால் அதன் மற்ற செயலிகளையும் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் அந்நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆகவே திறந்ததா மூடியதா என்ற கேள்வியை மூலநிரலில் வைத்துக் கேட்பதால் சாதாரணப் பயனருக்கு அதிகம் விளங்கப்போவதில்லை. ஒருவருடைய பொருள் இன்னொருவருடையதைத் தொடும் இணைப்பு யார் கையில் இருக்கிறது என்று கேட்டால்தான் விளங்கும்.

தமிழ் எழுதும் நமக்கு இது புதிதல்ல. இணையத்தின் தொடக்க காலத்தில் பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்றிருந்ததையும், ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் மற்றவருக்குப் புரியாத குறிகளாக வந்து விழுந்ததையும் என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான குறியீடான ஒருங்குறி (யூனிகோடு) பரவியபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்றும் எழுத்துருவை யாரும் காசுக்கு விற்கலாம், தன் உரிமை என்று பூட்டி வைக்கலாம். 'அ'வுக்கான எண் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கைபேசிக்குத் தமிழ் வந்த கதையிலும் இரண்டு பக்கமும் உண்டு. 2010 வாக்கில் ஆண்ட்ராய்டில் தமிழ்ப் பக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினி உலாவியின் அமைப்புகளுக்குள் புகுந்து, எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொன்னால்தான் படிக்க முடியும். ஆனால் வெளியார் செய்த விசைப்பலகையை ஆண்ட்ராய்டு 2009இலேயே ஏற்றுக்கொண்டது. அதனால் ஆர்வலர்கள் தாங்களே தமிழ் விசைப்பலகை செய்து கொடுத்தார்கள். ஐபோனில் 2013இல் அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வரும்வரை தமிழ் விசைப்பலகைக்காகக் காத்திருந்தோம். வெளியார் விசைப்பலகைக்கு அடுத்த ஆண்டுதான் இடம் கிடைத்தது. வந்தபோது நன்றாகத்தான் வந்தது. ஆனால் எப்போது வரும் என்பதில் நமக்கு எந்தப் பிடியும் இருக்கவில்லை.

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா குர்லா வளாகம். கைபேசிவழிப் பணம் அனுப்பும் யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐயைத் தொடங்கிவைத்ததற்குப் பிறகும் சில ஆண்டுகள், அத்தை வீட்டு வாசலில் செயலிக்கு ஒன்றாக மூன்று க்யூஆர் அட்டைகள் தொங்கின. எதை ஸ்கேன் செய்வது என்று வருகிறவர்களும் திகைப்பார்கள், எதில் பணம் வந்தது என்று அத்தையும் திகைப்பார். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் க்யூஆர் குறியீட்டைப் புதிதாக யாரும் கொண்டுவரக் கூடாது, இருப்பவற்றையும் 2022 மார்ச் 31க்குள் பொதுவானதாக மாற்ற வேண்டும் என்று 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இன்று அத்தையின் வாசலில் ஓர் அட்டைதான். யார் எந்தச் செயலியோடு வந்தாலும் பணம் வந்து சேருகிறது. யுபிஐயின் மென்பொருள் திறமூலம் இல்லை, முழுக்க ஓர் அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனாலும் இணைப்பு பொதுவாக இருப்பதால் கறிகாய்க் கடைக்காரர் முதல் காலா கில்லாவின் தோல் பை வியாபாரி வரை யாருக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு செயலிகளே பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டன என்ற குறை அதிலும் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்று பிடிக்கவில்லையென்றால், வாசலில் உள்ள அட்டையை மாற்றாமலேயே நாளைக்கு வேறொன்றுக்குப் போய்விடலாம்.

பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில், ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்பி, அதைத் திறந்தவரின் வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடி நாட்டில் பரவலாக நடக்கிறது. அத்தை போன்றவர்களின் கைபேசிக்குள் முன்பின் தெரியாத செயலி எளிதில் நுழைய முடியாதபடி தடுப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் திருடன் உள்ளே வரும் வழியை அடைப்பது வேறு, வீட்டுக்காரர் தன் பெட்டியோடு வெளியே போகும் வழியை அடைப்பது வேறு. ஏழு ஆண்டுக் குரல் பதிவுகள் இன்னொரு நிறுவனத்தின் கைபேசிக்குப் போனால் அத்தையின் பாதுகாப்பில் என்ன ஓட்டை விழுந்துவிடும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

வெளியே போகும் அந்த வழியை எந்த நிறுவனமும் தானாகத் திறந்ததாக எனக்கு நினைவில்லை. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் கைபேசி எண்ணை மாற்றாமல் சேவை நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்ததால்தான். அதற்கு முன்பு எண் போய்விடுமே என்ற அச்சத்திலேயே மோசமான சேவையைச் சகித்துக்கொண்டிருந்தோம். ஐபோனில் 2012 முதல் இருந்த தனிச் சார்ஜர் துளை, 2023இல் யுஎஸ்பி-சிக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருந்தது. நம் தரவு விஷயத்தில் நடந்ததோ தலைகீழ். தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவிலும் 2019 மசோதாவிலும், நம் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து பெற்று இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. எண்ணுக்குக் கிடைத்த உரிமை, அந்த எண்ணில் பேசிய பேச்சுக்குக் கிடைக்கவில்லை. இதை எடுத்துவிட்டதற்கு யாரும் பெரிதாகக் குரல் எழுப்பாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். நம் தொகுதி உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: அந்தப் பிரிவைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

அத்தையின் பழைய கைபேசி இன்னும் அலமாரியில் இருக்கிறது. செயலி அந்த எண்ணிலிருந்து வெளியேறிவிட்டாலும், குரல் பதிவுகள் வெறும் ஒலிக்கோப்புகளாக ஃபைல் மேனேஜரில் அப்படியே கிடக்கின்றன. அந்தத் திறந்த தளத்துக்கு இந்த ஒன்றுக்காக நன்றி சொல்வேன். கோப்பின் பெயரில் தேதி மட்டும் உண்டு, ஆள் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையின் பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓடவிடுகிறாள். முதல் இரண்டு சொல்லிலேயே அத்தை ஆளைச் சொல்லிவிடுகிறார்: "இது முலுண்டு வீட்டம்மா. உப்பு கம்மின்னு எழுது." இதுவரை முப்பத்தொரு வீடு ஆகியிருக்கிறது. சென்ற வாரம் பார்த்தபோது பேட்டரி உப்பி, பின்மூடி ஓர் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. இந்தச் சனிக்கிழமை அதை மும்பையின் மின்னணுச் சந்தையான லாமிங்டன் ரோட்டுக்கு எடுத்துப்போகிறேன்.