ஒரு பட்டனுக்குப் பதினோரு சட்டையா?

ஞாயிற்றுக்கிழமை அதுவுமாய் போன். "பட்டன்ல எழுத்து வெட்டுப்படுது சார், ரெண்டு நிமிஷ வேலைதான்." இப்படிச் சொல்கிற ஒருவரும், இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதிவைக்கிற அந்த சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

திறந்தேன். 'பதிவிறக்கு' என்று ஒரே ஒரு பட்டன். 'தி'க்கும் 'வி'க்கும் மேலே இருக்கிற சுழியைக் காணோம், 'கு'வுக்குக் கீழ்வளைவைக் காணோம். ஆங்கிலத்தில் 'டவுன்லோட்' என்று எழுதிப் பார்த்துவிட்டு உயரம் 28 பிக்சல் என்று ஆணி அடித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் இடம் கேட்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சரி, அந்த உயரத்தை எடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. இன்னொரு கோப்பில் அதே உயரம், பக்கத்தில் 'இம்பார்ட்டன்ட்', அதாவது மற்ற விதிகளை மீறி இதுவே செல்லும் என்கிற குறிப்பு. அதை எடுத்தேன். இப்போது ஐடி, அதாவது பட்டனுக்கென்றே உள்ள தனிப்பெயரை வைத்து எழுதிய மூன்றாவது விதி, அதுவும் ஒரு 'இம்பார்ட்டன்ட்' போட்டு, 24 பிக்சலோடு வந்து நின்றது, முன்னைவிட மோசம். அதையும் எடுத்தேன். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதுகிற ஹெச்டிஎம்எல்லிலேயே, பட்டனுக்குள்ளேயே ஒரு ஸ்டைல். எடுத்தேன். பக்கம் வந்ததும் எழுத்து முழுசாகத் தெரிந்தது. அரை நொடிதான். பக்கத்துக்குள் ஓடுகிற நிரலான ஜாவாஸ்கிரிப்ட் ஓடி வந்து மறுபடி 28 ஆக்கிவிட்டது! இத்தனைக்கும் அந்தப் பட்டனைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினோரு டிவ், அதாவது வெறும் பெட்டி. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

உயரமே எழுதாமல் விட்டிருந்தால், எழுத்துக்கு வேண்டிய உயரத்தை பிரவுசரே கொடுத்திருக்கும். கொஞ்சம் பேடிங், எழுத்தைச் சுற்றி உள்ளிடைவெளி, போதும். வேலையே செய்யாமல் கிடைப்பதைக் கெடுக்கத்தான் ஐந்து இடத்தில் வேலை செய்திருக்கிறார்கள்.

அந்த 'இம்பார்ட்டன்ட்' எதற்கு இருக்கிறது தெரியுமா? 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2, படிப்பவர் வைத்துக்கொள்கிற இம்பார்ட்டன்ட் விதியே தளத்தை எழுதியவரின் விதியை வெல்லும் என்று மாற்றியது. கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும் என்றுதான். அதை இங்கே, முந்தாநாள் தானே எழுதிய வரியோடு மல்லுக்கட்டப் பயன்படுத்துகிறார்கள். நாற்பத்து மூன்று இடத்தில்.

நிறமும் அப்படியே. ஒரே நீலம், ஒன்பது இடத்தில் தனித்தனியாக. ஒருமுறை பெயர் வைத்துவிட்டு எங்கும் அந்தப் பெயரைச் சொல்கிற வசதி குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாவற்றிலும் 2017-லேயே வந்தாயிற்று.

ராத்திரி பதினொன்றேகாலுக்கு முடித்தேன். மூன்று டிவ் மிச்சம், உயரம் எங்கேயும் இல்லை. 'பதிவிறக்கு' முழுசாக, சுழியும் வளைவுமாக நின்றது. படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "சூப்பர் சார். அந்த நீலத்தை மட்டும் கொஞ்சம் டார்க் ஆக்கிடலாமா? ரெண்டு நிமிஷம்தான்."

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? ஒன்பது இடம்.